தாத்தா கார் இன்னும் ஏன் ஓடுகிறது?

1947-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய கௌலி. அங்கே இருக்கும் மோரிஸ் தொழிற்சாலையில் புது கார் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. வடிவம் முடிவாகிவிட்டது. பம்பர்கள்கூட அடித்து வந்து இறங்கிவிட்டன. ஆனால், காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மாதிரிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார். கார் ஒல்லியாக இருப்பதுபோல ஓர் உறுத்தல்.

அடுத்து அவர் செய்த காரியத்தை கார் பிரியர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ரசிப்பார்கள். மாதிரிக் காரை மூக்கிலிருந்து வால் வரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தி அளந்தார்கள். இடைவெளி நான்கு அங்குலம்!

காரை அகலமாக்கியாகிவிட்டது. ஏற்கெனவே வந்து இறங்கிய பம்பர்களை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வருமா? அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு வைத்து ஒட்டுப்போட்டு மாட்டினார்கள். பானெட்டின் நடுவில் ஒரு பட்டை சேர்ந்தது. அந்தப் பட்டை கடைசி வரை அந்தக் காரின் அடையாளமாகவே நின்றுவிட்டது. ஒட்டுப்போட்ட பம்பரோடு வந்த ஆரம்ப கால கார்களைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

அந்த கார்தான் மோரிஸ் மைனர். 1948-ல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. பழைய கார்களையும் வேன்களையும் வாங்கி, பிரித்து, சரிசெய்து, ஓட்டியே வாழ்நாளைக் கழித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் கார் இதுதான். எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு கார் இன்றைக்கும் எப்படி ஓடுகிறது, அதை ஓடவைப்பவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள, இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலாளிக்குப் பிடிக்காத கார்

நிறுவனத்தை நடத்திய நஃபீல்டு பிரபுவுக்கு இந்த காரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருப்பதாகக் கிண்டல் செய்தார் என்பார்கள். ஆனால், ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. சின்ன கார்தான். ஆனாலும் வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்கும். பெட்ரோலும் அதிகம் குடிக்காது. கிராமத்துச் செவிலியர், பாதிரியார், பள்ளிக்கூட வாத்தியார் எனச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர்களின் காராக அது மாறியது.

1960-ம் ஆண்டின் கடைசியில் 10 லட்சமாவது மைனர் வெளியே வந்தது. பிரிட்டனில் தயாரான ஒரு கார் அந்த எண்ணைத் தொட்டது அதுதான் முதல்முறை. அதைக் கொண்டாட, இளம் ஊதா நிறத்தில் ஏறத்தாழ 350 கார்களைத் தனியாகச் செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தக் கணக்கு 16 லட்சம்.

1953-ல் இதே மைனரில் வேனும் பிக்கப்பும் வந்தன. பிரிட்டன் தபால் துறை இந்த வேன்களை மொத்தமாக வாங்கியது. ஆரம்ப கால தபால் வேன்களில் ஒரு வேடிக்கை உண்டு. முன்சக்கரத்தை மூடும் மட்கார்டுகள் ரப்பரில் இருந்தன! நெரிசலான தெருக்களில் நிறுத்தி நிறுத்தி எடுக்கும்போது இடித்தால் இரும்பு நசுங்கும், ரப்பர் வளைந்து திரும்பிவிடும் என்ற கணக்கு. ரப்பரில் ஹெட்லைட்டைப் பொருத்த முடியாதே! அதனால், விளக்குகள் மட்கார்டின் மேலே தவளைக் கண்கள்போலத் துருத்திக்கொண்டு நின்றன. இன்று அந்த ரப்பர் மட்கார்டு வேன் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம்.

அதே 1953-ல் 'டிராவலர்' என்ற குடும்ப வண்டியும் வந்தது. பின்பாதி முழுக்க மரச்சட்டம். ஆஷ் என்ற மரத்தை இழைத்து, வார்னிஷ் அடித்து, நடுவில் தகடு பொருத்தியிருப்பார்கள். பார்க்க ஏதோ அலங்காரம் மாதிரி தெரியும். உண்மையில், பின்பக்கத்தைத் தாங்குவதே அந்த மரம்தான். இங்கிலாந்து மழையில் ஜன்னல் ஓரத்து மரத்தில் பாசி பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் காளான்கூட முளைக்கும். மரம் உளுத்துப்போனால் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் வண்டியை ஓரம்கட்டிவிடுவார்கள். ஒரு டிராவலரை வைத்திருப்பவர் பாதி மெக்கானிக்காகவும் பாதி ஆசாரியாகவும் இருந்தே ஆக வேண்டும்.

நொடித்துப்போனவர் கண்டுபிடித்த கணக்கு

உற்பத்தி நின்ற பிறகு என்ன ஆகும்? எல்லா கார்களுக்கும் ஆவதுதான். விலை சரியும். மாணவர்கள் சில்லறைக் காசுக்கு வாங்கி, ஓடும்வரை ஓட்டிவிட்டு, ஓரம் கட்டுவார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகும். மைனருக்கும் அந்த விதிதான் காத்திருந்தது.

இந்த இடத்தில் வருகிறார் சார்லஸ் வேர். ஓவியர். பாத் நகரத்தில் பழைய கட்டடங்களை வாங்கிப் புதுப்பிக்கும் தொழிலில் இருந்தவர். 1970-களின் நடுவில் பிரிட்டனில் கட்டடங்களின் விலை தடாலென்று விழுந்தபோது அவருடைய தொழிலும் விழுந்தது. இடிக்க நினைத்த கட்டடங்களைக் காப்பாற்றிப் பழகிய அந்தக் கண், அடுத்து விழுந்தது மோரிஸ் மைனர் மேல். பாத் நகரத்திலேயே மைனர்களை மட்டும் பழுது பார்த்து, புதுப்பித்து, உதிரிபாகம் விற்கும் ஒர்க் ஷாப்பைத் தொடங்கினார்.

1982-ல் அவர் ஒரு புத்தகமும் எழுதினார். பெயர் 'டியூரபிள் கார் ஓனர்ஷிப்'. நீடித்து உழைக்கும் காரை வைத்திருப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம். அவர் சொன்ன கணக்கை நம் ஊர் ரூபாயில் வைத்துப் பார்க்கலாம்.

ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்குப் புது கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து விற்றால் 5 லட்சம் கிடைக்கிறது. பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. அதற்கு மேல் 5 லட்சம் ரூபாய், அதாவது வருடத்துக்கு 1 லட்சம், சத்தமே இல்லாமல் கரைந்திருக்கிறது. இதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை. அதனால் வலிப்பதும் இல்லை. பழைய காருக்கு மெக்கானிக் 15 ஆயிரம் ரூபாய் பில் நீட்டினால் மட்டும், 'இந்த டப்பாவுக்கு இவ்வளவா?' என்று வலிக்கிறது.

'விலை இனி இறங்க முடியாத அளவுக்கு ஏற்கெனவே இறங்கிவிட்ட நல்ல காரை எடுங்கள். ஒருமுறை முறையாகச் சரிசெய்யுங்கள். பிறகு வருடா வருடம் திட்டம் போட்டுப் பராமரியுங்கள். புது காரில் கரைந்துபோகும் பணத்தில் ஒரு பகுதிதான் செலவாகும்' என்பதே வேர் முன்வைத்த வாதம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய காரில் ஏர்பேக் கிடையாது. மோதினால் அடியை வாங்கிக்கொண்டு தான் மடிந்து, உள்ளே இருப்பவரைக் காக்கும் அமைப்பும் கிடையாது. ஆரம்ப கால கார்களில் சீட் பெல்ட்டே இல்லை. புகையும் அதிகம். தவிர, துருப்பிடித்துக் கிடக்கும் காரை முழுசாகப் புதுப்பித்து, லாபத்துக்கு விற்கலாம் என்று இறங்கியவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். போட்ட பணத்தில் பாதி திரும்பினால் அதிர்ஷ்டம். 'வைத்து ஓட்டப்போகிறேன்' என்பவருக்குத்தான் வேர் சொன்ன கணக்கு பொருந்தும்.

கார் எதனால் சாகிறது?

இன்ஜின் போனதால் குப்பைக்குப் போன பழைய கார்களைவிட, துருவால் போனவையே அதிகம். மைனர் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. உடம்பும் எலும்பும் ஒன்றுதான். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பட்டையிலோ, தரைத்தகட்டிலோ, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்திலோ துரு ஏறினால், வண்டியின் எலும்பே உளுத்ததாக அர்த்தம். மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்தாலும் பயன் இல்லை. மைனர் வேனும் பிக்கப்பும் மட்டும் இதில் விதிவிலக்கு. அவற்றுக்குத் தனி சேஸிஸ் உண்டு.

இரண்டாவது எதிரி, அலட்சியம். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் இணைப்பில், டிரன்னியன் என்று ஒரு பாகம் இருக்கிறது. அடிக்கடி கிரீஸ் கன்னால் கிரீஸ் ஏற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. செலவும் சொற்பம். ஆனால், அதைச் செய்யாமல் விட்டால் உள்ளே திருகுமரை தேய்ந்துகொண்டே போகும். ஒருநாள் இணைப்பு கழன்று, சக்கரம் அப்படியே மடிந்து வண்டிக்கு அடியில் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதுதான் இது நடக்கிறது. வேகமாகப் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் கிரீஸ் கன்னைப் பூஜை சாமான் மாதிரி பத்திரமாக வைத்திருப்பது இதனால்தான்.

ஷெட்டில் பழைய வண்டி நிற்கிறதா?

தாத்தா ஓட்டிய அம்பாசடரோ, பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, பழைய வேனோ தார்ப்பாயின் கீழ் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை எழுப்ப ஆசை வந்தால், பல வருட அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வரிசை இது.

எடுத்தவுடன் சாவியைத் திருகக் கூடாது. வருடக்கணக்கில் நின்ற இன்ஜினுக்குள் பிஸ்டன் ஒட்டிப்போயிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள்கள் ஊறவிட வேண்டும். பிறகு கையால்தான் இன்ஜினைச் சுற்றிப்பார்க்க வேண்டும். டேங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் இன்ஜின் ஆயிலையும் முழுக்க வடித்துவிட வேண்டும்.

வண்டியை ஓடவைப்பதற்கு முன்னால் நிற்கவைக்க வேண்டும். அதாவது, முதலில் பிரேக். நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்கள் இறுகி வெடித்திருக்கும். அந்தக் காலத்து கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் ஆயில் குழாய் வழிதான். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. ரப்பர், ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றாமல் தெருவுக்குக் கொண்டுவரவே கூடாது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்காது. உப்பும், வெடிக்கும், கசியும். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீதான். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது நல்லது.

பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் சின்னக் கவரில் போட்டு, எங்கே கழற்றியது என்று எழுதிவையுங்கள். பாதியில் நின்றுபோகும் கார் வேலைகளுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். உற்சாகத்தில் ஒரே வாரத்தில் மொத்த வண்டியையும் பிரித்திருப்பார்கள். அதன் பிறகு எது எங்கே போகும் என்று தெரியாமல் அட்டைப்பெட்டிகளில் வருடக்கணக்கில் தூங்கும். கடைசியில் அந்தப் பெட்டிகளை வேறொருவர் குறைந்த விலைக்கு வாங்கிப் போவார். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. அதை முடித்த பிறகு அடுத்தது.

பழைய காரை விலைக்கு வாங்குவதாக இருந்தால் சட்டைப் பையில் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, மட்கார்டு ஓரம், சக்கர வளைவு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். தகட்டில் ஒட்டும். கனமாகப் பட்டி போட்டு மறைத்த இடத்தில் ஒட்டாது. டிங்கரிங்கில் ஒதுக்க வேண்டிய பள்ளத்தையும், வெட்டி வெல்டிங் வைக்க வேண்டிய துருவையும் பட்டி பார்த்தே மறைத்து விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

பெயின்ட் கடைசி வேலை. அதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. அசல் பெயின்ட் மங்கியிருந்தாலும் தாங்கும் நிலையில் இருக்கிறதா? அப்படியானால் விட்டுவிடுங்கள் என்கிறார்கள் இன்றைய நிபுணர்கள். பழைமையான வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான 'ஃபிவா', இதற்காகவே டூரின் சாசனம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, புதுப்பிப்பது அதற்கு அடுத்ததுதான் என்பது அதன் அடிப்படை. சீட்டில் தாத்தா உட்கார்ந்து தேய்ந்த இடத்தை எந்தக் கடையில் வாங்க முடியும்?

அடுத்தது காகித வேலை. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிகளின்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத, சொந்த உபயோகத்துக்கான கார்களையும் டூ வீலர்களையும் வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற இரண்டு எழுத்துகள் வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு எடுத்துப் போகலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டவோ, வாடகைக்கு விடவோ கூடாது. பிரிட்டனில் இதைவிடச் சலுகை அதிகம். 40 வருடத்தைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018-லிருந்து வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. ஆனாலும், பலர் தாங்களாகவே சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். உயிர் தன்னுடையதாயிற்றே!

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

மைனருக்கு நம் பக்கத்திலும் சொந்தபந்தம் நிறைய. இந்தியாவில் இதே கார் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் வந்தது. அதன் பெரியண்ணன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் 1950-களின் கடைசியில் அம்பாசடராகப் பெயர் மாற்றிக்கொண்டு, 2014 வரை கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரானது.

மைனர் மிக நெருக்கமாகக் கலந்தது இலங்கையோடு. 1960, 70-களில் அங்கே கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புது கார் கிடைக்காது. இருக்கும் காரைச் சாகவிட முடியாது. விளைவு, கார் வைத்திருந்த வீடுகளும் பட்டறைகளும் பிரிட்டிஷ் கார்களின் ஒவ்வோர் எலும்பையும் கற்றுக்கொண்டன. லேத்தில் கடைந்து, தகட்டைக் கையாலேயே அடித்து வளைத்து, இல்லாத பாகத்தை உண்டாக்கிவிடுவார்கள். 1990-களில் சார்லஸ் வேர் மைனர் உதிரிபாகங்கள் செய்யத் தேடிப்போன நாடு இலங்கைதான். அங்கே கூட்டாளியோடு தொடங்கிய தொழிற்சாலையில் தயாரான பாகங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. காரை ஏற்றுமதி செய்த நாடு, அதன் பாகங்களை இறக்குமதி செய்தது!

அதே 1990-களில், அதே தீவின் வடக்கே கதையே வேறு. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெட்ரோல் இல்லை. மின்சாரம் இல்லை. கிடைத்தது மண்ணெண்ணெய். அதுவும் ரேஷனில், அல்லது கொள்ளை விலையில். புதிய ஜப்பான் கார்கள் பல நின்றுபோயின. மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் ஓடின.

அதன் சூட்சுமம் இன்ஜினில் இருந்தது. அந்தக் காலத்து இன்ஜின்கள் எரிபொருள் கலவையை அதிகம் அழுத்துவதில்லை. அழுத்தம் குறைவு என்பதால் தரம் குறைந்த எரிபொருளையும் தாங்கும். மைனரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். புகைக்குழாயின் சூடு ஏறினால் மண்ணெண்ணெய் ஆவியாகும். முதலில் கார்ப்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். மருந்து மாதிரி சொட்டுச் சொட்டாக. இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறிவிடும். பின்னால் வெள்ளைப் புகை, தெரு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. எரியாத மண்ணெண்ணெய் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும். அடிக்கடி ஆயில் மாற்ற வேண்டும். அதுவும் கிடைக்காது. இருந்தும் அந்த கார்கள் ஓடின. ஆஸ்பத்திரிக்குப் போகவும், கல்யாணத்துக்குப் போகவும், இடம்பெயர்ந்து ஓடவும் அவைதான் இருந்தன.

கண்காட்சியில் பரிசு வாங்கிய எந்த வின்டேஜ் காருக்கும் இந்தப் பெருமை கிடையாது. அங்கே பழைய காரைக் காப்பாற்றியது பொழுதுபோக்குக்காக இல்லை. அதைத் திறக்கவும், புரிந்துகொள்ளவும், கையில் இருக்கும் கருவியால் சரிசெய்யவும் முடிந்தது. அதைத் தெரிந்த மனிதர்களும் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த கார் நின்றிருக்கும்.

அடுத்து யார்?

பழைய கார் உலகத்தில் இன்றைய பெரிய கவலை உதிரிபாகம் அல்ல. மைனருக்கு ஏறக்குறைய எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. கவலை, கைகள் பற்றியது. கார்ப்பரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்கிறவர், தகட்டைத் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்கிற டிங்கர், டிராவலர் மரத்தைப் பழைய இணைப்பு மாறாமல் இழைக்கிற ஆசாரி. இவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. இன்றைய மெக்கானிக் லேப்டாப்பைச் செருகி, திரையில் வரும் எண்ணைப் பார்த்து, பாகத்தையே மாற்றுகிறார். அது அவருடைய குற்றம் இல்லை. இன்றைய கார் அப்படித்தான் செய்யப்படுகிறது. ஆனால், செருகுவதற்குத் துளையே இல்லாத கார் முன்னால் வந்து நின்றால் அவர் என்ன செய்வார்?

வாழ்நாள் முழுக்க பழைய கார்களோடு இருந்தவர்கள் வயதான காலத்தில் படுகிற கவலையும் இதுதான். யாரிடம் ஒப்படைப்பது? பிள்ளைகளுக்கு நேரமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு கியர் போடவே தெரியாது. விற்றால் நல்ல விலை வரலாம். ஆனால், கிரீஸ் எங்கே ஏற்ற வேண்டும், மழைநாளில் எந்த ஒயர் மக்கர் செய்யும், குளிர்காலைகளில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆர்.சி புத்தகத்தில் எழுதியிருக்காது. அது சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தியையோ பேரனையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டலாம். நுனியில் படிந்த கரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளை ஸ்பானரைக் கையில் வாங்கிவிட்டால் மீதியை அதுவே கேட்கும்.

மைனரின் பானெட் நடுவில் இருக்கும் அந்தப் பட்டையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அந்த கார் பிறக்கும் முன்பே வெட்டி, திருத்தி, ஒட்டப்பட்டது. அதன் பிறகு 70 வருடமாக யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் அதைப் பிரித்து, திருத்தி, மறுபடி பூட்டிக்கொண்டேதான் இருக்கிறார். அடுத்த முறை பூட்டும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை டார்ச் அடித்துக்கொண்டு நின்றால் போதும். கார் ஓடும்.